பரிமளாவின் கண்ணும் எங்கள் விளக்கும்

துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் நாலு பேரும் போன வாரம் வீட்டுக்கு வந்தீர்கள். அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். பஜ்ஜி சாப்பிட்டீர்கள், போய்விட்டீர்கள். எல்இடி சிப்பை எப்படி வளர்ப்பது, அடுப்பின் சூட்டை எப்படிக் கட்டுக்குள் வைப்பது என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் இருப்பதை மறுபடி எழுத எனக்குப் பொறுமையும் கிடையாது. குறைகடத்தியிலிருந்து வெளிச்சம் எடுக்கும் ஆராய்ச்சியிலேயே என் உத்தியோக காலம் முழுக்க ஓடிப்போனது. நான் செய்த நல்லதையெல்லாம் ஓய்வு பெற்ற அன்று மேடையில் மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள், கொஞ்சம் கூட்டியே சொன்னார்கள். அன்று யாரும் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று உங்களிடம் இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். உண்மைதான். இந்தக் கதையில் அதுவும் வரும்.

ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனி. பெயர் வேண்டாம். அங்கே தோலை வெட்டித் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். ஒரு ஜோடியில் இடதுகால் ஷூவும் வலதுகால் ஷூவும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். கேட்கிறதற்கு என்னவோ சுலபம்தான். ஆனால் ஒரே தோலிலேயே முதுகுப் பக்கம் சாயம் ஒரு மாதிரி ஏறும், வயிற்றுப் பக்கம் வேறு மாதிரி ஏறும். திங்கட்கிழமை சாயம் போட்ட தோலும் வியாழக்கிழமை போட்ட தோலும் அண்ணன் தம்பி மாதிரி இருக்குமே தவிர, ஒன்றாக இருக்காது. அதனால் வெட்டிய துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஜோடி சேர்ப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். ஷேடு பார்க்கிறவர்கள் என்று அவர்களுக்குப் பெயர். அந்தக் கம்பெனியில் இருபது வருஷமாக ஷேடு பார்த்துக்கொண்டிருந்தவர் பரிமளா. என்னைவிடப் பத்து வயது சின்னவர். வடக்குப் பக்க ஜன்னலோரம் ஒரு மேஜை. வெயில் நேராக அடிக்காத வெளிச்சம். அதில் அவர் ஒதுக்கிய துண்டை மேனேஜர்கூட எடுத்து ஏனென்று கேட்க மாட்டாராம்.

மழைக்காலத்தில்தான் தொல்லை. மதியம் மூன்று மணிக்கே வெளிச்சம் மங்கிவிடும், ஜோடி சேர்க்கும் வேலை நின்றுவிடும். போதாததற்குப் புது மெஷின் ஒன்று ஜன்னலோர இடத்தைப் பிடித்துக்கொண்டது. பகல் வெளிச்சம் மாதிரி ஒரு விளக்கு செய்து தர முடியுமா என்று எங்கள் கல்லூரிக்கு வந்து கேட்டார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நம் சிப், நம் விளக்கு, நம் ஊர்க் கம்பெனி! என் ஆராய்ச்சி மாணவி கலைச்செல்விக்கு அது ஆய்வேட்டின் கடைசி அத்தியாயமாகவும் ஆயிற்று. குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற குடும்பத்துப் பெண் அவள். அதிகம் பேச மாட்டாள், பேசினால் சரியாகத்தான் இருக்கும். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஒரு விளக்கு நிறத்தை எவ்வளவு நேர்மையாகக் காட்டுகிறது என்று நம் கருவி அளந்து இரண்டு பக்கம் அச்சடித்துத் தரும் அல்லவா? முதல் பக்கத்தில் இருப்பது எட்டு வெளிர் நிறங்களின் சராசரி. ஒன்பதாவது நிறமான அடர் சிவப்பு இரண்டாம் பக்கத்தில் தனியாக இருக்கும். அது சராசரியில் சேராது. எங்கள் விளக்குக்கு எட்டுப் பாடத்திலும் நல்ல மார்க். ஒன்பதாவதில் ஃபெயில். சிவப்பு வருவதற்காகச் சிப்பின் மேல் பூசும் பாஸ்பர் பொடியைக் கூட்டினால் வெளிச்சம் குறைந்துவிடும். நான் வெளிச்சத்தைத்தான் பெருமையாகக் காட்ட நினைத்திருந்தேன்.

கலைச்செல்வி இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு வந்து, "மேம், ஒன்பதாவது ரொம்ப கம்மியா இருக்கு. அவங்க தோலெல்லாம் செர்ரி பிரவுன்..." என்று ஆரம்பித்தாள்.

நான் முடிக்க விடவில்லை. பிரவுன்தானே, சிவப்பு இல்லையே என்று கத்தினேன். முதல் பக்கத்தை மட்டும் அறிக்கையோடு பின் பண்ணு, இரண்டாவது பக்கம் படிக்கிறவர்களைக் குழப்பும் என்றேன். நம் துறையில் எல்லாரும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தோம். விளக்கு என்றால் முதல் பக்கம். பிரவுன் என்பதே மங்கிய சிவப்பு, அதிலிருந்து சிவப்பைக் கழித்தால் மிச்சம் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியாதா? வகுப்பில் வருஷா வருஷம் நானே நடத்திய பாடம். அடர் சிவப்பும் பழுப்பும் தவிர வேறு நிறமே அதிகம் போகாத தோல் ஊருக்கு, சிவப்புத் தெரியாத விளக்கைக் கொண்டுபோய் மாட்டினேன். ரிப்பன் வெட்டினார்கள், எனக்குச் சால்வை போட்டார்கள்.

நாலு மாதம் கழித்து மேனேஜரிடமிருந்து போன் வந்தது. அனுப்பிய சரக்கில் பாதி திரும்பி வந்துவிட்டது, இடதும் வலதும் வேறு வேறு நிறம் என்கிறார்கள் என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் உடனே, விளக்கு அருமையாக இருக்கிறது மேடம், அதில் குறையே இல்லை, ஷேடு பார்க்கிற அந்தம்மாவுக்குத்தான் கண் போய்விட்டது, வயசாகிறது இல்லையா என்றார். உங்களிடம்தான் நிறம் அளக்கிற கருவியெல்லாம் இருக்கிறதே, ஒரு டெஸ்ட் எடுத்துச் சொன்னால் வேலையை விட்டு நின்றுகொள்ளச் சொல்லிவிடலாம், பாவம், நேராகச் சொல்லச் சங்கடமாக இருக்கிறது என்றார். அனுப்பி வையுங்கள் என்றேன்.

மறுநாள் பரிமளா பஸ் பிடித்து வேலூர் வந்து, கல்லூரி வாசலில் இறங்கி, கேட்டுக் கேட்டு லேபுக்கு வந்துசேர்ந்தார். நீலப் பூப் போட்ட புடவை. திரும்பி வந்த ஷூவில் ஒரு ஜோடியைச் செய்தித்தாளில் சுற்றிப் பையில் வைத்திருந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னால் நுனியில் உட்கார்ந்தார். தன்னை ஷேடு மேஜையிலிருந்து எடுத்துவிட்டு நூல் கத்தரிக்கிற இடத்தில் போட்டிருக்கிறார்கள் என்றார். அதைச் சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டார். அந்தச் செர்ரி பிரவுன் ஜோடியை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"ஆபீஸ் வாசல்ல வச்சுக் காட்னாங்க மேடம். அங்க பாத்தா எனக்கே தெரியுது, ரெண்டும் வேற வேற. எப்படி வுட்டேன்னு தெரியல. சில நேரம் கண்ணு தெரியுது, சில நேரம் தெரிய மாட்டேங்குது. காலேஜ்லேர்ந்து அவ்ளோ நல்ல லைட்டு குடுத்தும் எனக்குத் தெரியலியே."

இதைக் கேட்டபோதே எனக்குள் ஏதோ நெருடியிருக்க வேண்டும். நெருடவில்லை என்று சொன்னால் பொய்.

வண்ண வில்லைகளை வரிசையாக அடுக்கும் சோதனை உங்களுக்குத் தெரியும். பெருமைக்கென்று லேப் மேஜைகளுக்கு மேலெல்லாம் எங்கள் விளக்கையே மாட்டி வைத்திருந்தோம். அதன் கீழே உட்காரவைத்து அடுக்கச் சொன்னோம். நீலம், பச்சை எல்லாம் சரியாக அடுக்கினார். சிவப்புக்கு வந்ததும் கை தடுமாறியது. ஒன்றை எடுப்பார், வைப்பார், மறுபடி எடுப்பார். நெற்றியில் வியர்த்துவிட்டது. மேனேஜர் சொன்னது சரிதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அதையும் உங்களிடம் மறைக்கவில்லை.

கலைச்செல்வி வில்லைகளைக் கலைத்து எடுத்துக்கொண்டுபோய், மூலையில் இருந்த சோதனைப் பெட்டிக்குள் வைத்தாள். அந்தப் பெட்டியில் இருப்பது எங்கள் விளக்கு இல்லை. ஒப்பிடுவதற்கென்று வாங்கி வைத்த, பகல் வெளிச்சத்துக்கு நிகரான விளக்கு. அக்கா, இன்னொரு தடவை இதில் அடுக்குங்கள் என்றாள். பரிமளா அடுக்கினார். கை எங்கேயும் நிற்கவில்லை. வில்லைகளைத் திருப்பிப் பின்னால் இருந்த வரிசை எண்ணைப் பார்த்தோம், ஒரு வில்லைகூட இடம் மாறவில்லை. எங்கள் மாணவர்கள் ஒருத்தர்கூட அப்படி அடுக்கியதில்லை. கலைச்செல்வி நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பரிமளாவுக்கு எண்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"கண்ணு போய்டுச்சா மேடம்?"

"பாத்துட்டு அப்புறம் சொல்றேம்மா" என்றேன்.

டாக்டர் அப்படிச் சொன்னால் நாம் என்ன நினைப்போம்? அதையேதான் அவரும் நினைத்தார். தலையாட்டிவிட்டு, ஷூவை எங்களிடமே விட்டுவிட்டுப் போய்விட்டார். டீ சொல்லியிருந்தோம், அதைக்கூடக் குடிக்கவில்லை.

அவர் போனதும் ஷூவை எங்கள் விளக்கின் கீழே வைத்தோம். இரண்டும் ஒன்று. ஜன்னலுக்குக் கொண்டுபோனோம். ஒன்று சிவப்பேறிக் கிடந்தது, மற்றது காய்ந்த புளி மாதிரி பழுப்பு. இடதையும் வலதையும் பிரித்துக் காட்ட வேண்டிய சிவப்பு எங்கள் விளக்கில் இல்லவே இல்லை. கேமரா வேண்டாம், கருவி வேண்டாம், குருடனுக்கும் தெரிகிற விஷயம்.

அப்போதே போனை எடுத்திருக்க வேண்டும். அடுத்த வாரம் எங்கள் திட்டத்தைப் பார்வையிட டெல்லியிலிருந்து குழு வருவதாக இருந்தது. குழு பார்த்துச் சரி என்றால்தான் அடுத்த கட்டத்துக்கு அனுமதி. கலைச்செல்வியின் ஆய்வேடும் அதையே நம்பியிருந்தது. இன்னும் ஒரு முறை அளந்து உறுதி செய்துகொண்டு சொல்வோம் என்று அவளிடம் சொன்னேன். நம் தொழிலில் இதைவிட மரியாதையான சாக்கு கிடையாது. யாரும் குறை சொல்ல முடியாது. அளந்தேன், மறுபடி அளந்தேன். ஒவ்வொரு முறையும் அதே விடைதான் வந்தது. குழு வந்தது, முதல் பக்கத்தைப் பார்த்தது, கை குலுக்கியது. கலைச்செல்வி விளக்கிப் பேசும்போது குரல் உள்ளே போய்விட்டது. பயம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். எல்லாரும் கிளம்பிப் போன பிறகு அவள் என் அறைக்கு வந்து நின்றாள்.

"மேம், அந்த அக்காவுக்கு நாளைக்காவது சொல்லிடலாமா?"

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த 'நாளைக்காவது' என்னைப் போட்டு அறைந்த மாதிரி இருந்தது. மறுநாள் காலையில் இரண்டு பேரும் காரில் ஆம்பூர் போனோம். பரிமளா லேபுக்கு வந்துபோய் அன்றோடு பதினோரு நாள்.

மேனேஜர் நம்பவில்லை. இவ்வளவு படித்தவர்கள் செய்த விளக்கு தப்பாக இருக்குமா என்று சிரித்தார். பரிமளாவைக் கூப்பிடுங்கள், ஷேடு மேஜையில் வைத்தே காட்டுகிறேன் என்றேன். நூல் கத்தரிக்கிற இடத்திலிருந்து அவர் கத்தரிக்கோலும் கையுமாக வந்து நின்றார். கூடவே நாலைந்து பெண்களும் வந்துவிட்டார்கள். எங்கள் விளக்கின் கீழே ஒரு தட்டு நிறைய துண்டுகளைப் பரப்பி, ஜோடி சேர்க்கச் சொன்னேன். சேர்த்தார். அந்தத் தட்டை அப்படியே தூக்கிக்கொண்டு சரக்கு ஏற்றுகிற பின்வாசலுக்குப் போனேன். எல்லாரும் பின்னாலேயே வந்தார்கள். பகல் வெளிச்சத்தில் தட்டை வைத்ததும் பாதி ஜோடி ஒன்றோடொன்று சேரவில்லை. மேனேஜர் ஒரு துண்டை எடுத்தார், கீழே வைத்தார், இன்னொன்றை எடுத்தார்.

தப்பு எங்கள் விளக்கில்தான், பரிமளாவின் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். அவர் கண் எங்கள் கருவியைவிட நன்றாக இருக்கிறது என்றும் சொன்னேன். உடனே அவர் சந்தோஷப்படுவார், அழுவார், என் கையைப் பிடித்துக்கொள்வார் என்றெல்லாம் வழியில் நினைத்துக்கொண்டே வந்திருந்தேன். மனுஷ புத்தி. அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"அன்னிக்கு நான் வந்தப்பவே உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

நேற்றுத்தான் உறுதியாயிற்று என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது. கலைச்செல்வி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"தெரியும்" என்றேன்.

அவர் கத்தவில்லை, கோபப்படவில்லை. கத்தரிக்கோலை இடுப்பில் செருகிக்கொண்டு, பக்கத்து வீட்டில் நடந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

"போன ஞாயித்துக்கெழம பொண்ணுக்கு முகூர்த்தப் பட்டு எடுக்கப் போனாங்க. எங்க தெருவுல யாருக்குப் பொடவ எடுத்தாலும் என்னத்தான் இட்டுக்கினு போவாங்க. எம் பொண்ணுக்கு நான் போவல மேடம். எனக்குத்தான் கலர் தெரியலியேன்னு ஊட்லயே இருந்துட்டேன். பொண்ணு அழுதுக்கினே போச்சு."

மன்னிப்பு என்று ஏதோ சொன்னேன், என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவருக்கு வேலை போய்விடும் என்றுதான் நான் பயந்தேன், அது போகாமல் காப்பாற்றிவிட்டோம் என்றும் உள்ளுக்குள் தேற்றிக்கொண்டிருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று இப்போது சொல்வது சுலபம்.

நீங்களெல்லாம் கெட்டிக்காரர்கள், இரண்டாம் பக்கத்தையும் பின் பண்ணுவீர்கள். துறையில் இப்போது அது கட்டாயம். நான் உங்களைக் கேட்டுக்கொள்வது வேறு. உறுதி செய்துகொண்டு சொல்கிறேன் என்று ஒருவரை அனுப்பும்போது, அந்த நாட்களை அவர் எப்படிக் கழிக்கப் போகிறார் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். தெரிந்தது பாதிதான் என்றால் பாதியைச் சொல்லுங்கள். "உங்க கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு தோணுதும்மா, விளக்கைத்தான் சந்தேகப்படறோம்" என்று சொல்ல எனக்கு எத்தனை நேரம் ஆகியிருக்கும்? அதைச் சொல்வதற்கு எந்தக் குழுவின் அனுமதியும் வேண்டியிருக்கவில்லை.

அந்த வாரமே குழுவுக்கு உண்மையை எழுதினேன். அனுமதி நின்றது. கலைச்செல்வியின் கடைசி அத்தியாயத்தை நீக்கிவிட்டுப் புதிதாக ஆரம்பித்தோம். அவளுக்கு மேலும் ஒன்றரை வருஷம் ஆயிற்று. ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை. எனக்குத்தான் அவளைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு குறுகும். சிவப்பைக் கூட்டி மறுபடி விளக்கு செய்தோம். இந்த முறை முதலில் கருவியிடம் காட்டவில்லை. சனிக்கிழமைகளில் கம்பெனிக்குக் கொண்டுபோய், ஷேடு மேஜைக்கே திரும்பிவிட்ட பரிமளாவிடம் காட்டுவோம். கையில் இரண்டு துண்டை வைத்துக்கொண்டு அவர் பின்வாசலுக்கும் மேஜைக்கும் நடந்து நடந்து பார்ப்பார். சேப்பு இன்னும் கம்மி மேடம் என்பார். அடுத்த முறை சேப்பு ஜாஸ்தியாயிடுச்சு என்பார். ஐந்து தடவை திருப்பி அனுப்பினார். எனக்கு ஒரு தடவைகூடக் கோபம் வரவில்லை. கலைச்செல்வி அதைப் பார்த்து ஆச்சரியப்பட்டு, உடம்பு சரியில்லையா மேம் என்று கேட்டாள்.

தை மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம். லேபுக்கே வந்து பத்திரிகை கொடுத்தார். நானும் கலைச்செல்வியும் போனோம். நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு மண்டபம். வாசலிலிருந்து மேடை வரை எல்இடி சரம் தொங்கியது, மேடையில் கண்ணைப் பறிக்கிற வெள்ளை வெளிச்சம். பெண் அரக்குப் பட்டில் லட்சணமாக உட்கார்ந்திருந்தாள். புடவையோடு வந்த ரவிக்கைத் துணி பிடிக்கவில்லை என்று அந்த ஞாயிற்றுக்கிழமையே மேட்சிங் சென்டரில் தனியாக எடுத்துத் தைத்தார்களாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை ஒருத்தி சொன்னாள். இரண்டும் ஒரே நிறமாகத்தான் இருந்தன. எனக்கு மனம் கொஞ்சம் லேசாயிற்று.

தாலி கட்டி முடிந்ததும் அருந்ததி பார்க்கப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் வாசலுக்கு அழைத்து வந்தார்கள். பளீரென்று பத்து மணி வெயில். ஐயர் விரலைத் தூக்கி வானத்தைக் காட்டினார். இரண்டு பேரும் தெரிகிறது என்று தலையாட்டினார்கள், எல்லாரும் சிரித்தார்கள். நான் வானத்தைப் பார்க்கவில்லை. வெயிலில் புடவை ரத்தச் சிவப்பாக எரிந்தது. ரவிக்கை பழுப்பு. கையும் முந்தானையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் சேரவில்லை. கூட்டத்தில் வேறு யாருக்கும் அது தெரிந்ததாகத் தோன்றவில்லை. எனக்குத் தெரிந்தது. ஐந்து சனிக்கிழமை அவரோடு பின்வாசலில் நின்றவள் நான்.

பரிமளா என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அவர் பார்வை மகளின் ரவிக்கைக் கையிலிருந்து முந்தானைக்குப் போய், திரும்பி வந்து, அங்கேயே கொஞ்சம் நின்றது. மேஜையில் நிற்குமே, அதே மாதிரி. கம்பெனியாக இருந்தால் அந்த ஜோடியை அக்கணமே எடுத்து ஓரம் வைத்திருப்பார். பிறகு திரும்பினார். நான் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டார்.

"நானே போயிருந்தாலும் இதத்தான் மேடம் எடுத்திருப்பேன்" என்றார்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, பந்தி போட்டுவிட்டார்கள், பசியோடு நிற்கிறீர்களே என்று சாப்பிட அழைத்துக்கொண்டு போனார்.